இல்லாத நாடு வென்ற பதக்கம்

இணையவழி அஞ்சல் சதுரங்கத்தில் குழுப் போட்டி நடத்துவது ஏன் இவ்வளவு கடினம்?

1995ஆம் ஆண்டு, ஒரு சதுரங்கப் போட்டியின் முடிவு வெளிவந்தது. தங்கம் சோவியத் யூனியனுக்கு. வெண்கலம் கிழக்கு ஜெர்மனிக்கு. இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபரிலேயே மேற்கு ஜெர்மனியுடன் இணைந்துவிட்டது. சோவியத் யூனியன் 1991 டிசம்பரில் கலைந்துவிட்டது. பதக்கம் கிடைத்தபோது அந்த இரண்டு நாடுகளுமே உலக வரைபடத்தில் இல்லை!

அது 10ஆவது அஞ்சல்வழிச் சதுரங்க ஒலிம்பியாட்டின் இறுதிச்சுற்று. 1987இல் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் தங்கள் நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். பதில் அட்டை வரும்வரை காத்திருப்பார்கள். போட்டி முடிய 8 ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாடுகளே மறைந்துவிட்டன.

இன்று அஞ்சலட்டை தேவையில்லை. அனைத்துலக அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு (ஐசிசிஎஃப்) 2004இல் தனக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் நகர்த்தல் எதிராளியைச் சென்றடைகிறது. அப்படியென்றால் போட்டிகளும் விரைவாக முடிய வேண்டுமல்லவா? ஆனால், பெரிய குழுப் போட்டிகள் இன்றும் ஓராண்டு, ஈராண்டு என நீள்கின்றன. அஞ்சல்காரர் மட்டும் தாமதத்துக்குக் காரணம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நாள்களில் ஓடும் கடிகாரம்

பள்ளிச் சதுரங்கப் போட்டியில் கடிகாரம் நிமிடங்களில் ஓடும். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் அது நாள்களில் ஓடும். ஐசிசிஎஃப் போட்டிகளில் நீண்ட காலம் வழக்கத்தில் இருந்த ஓர் அளவு, 10 நகர்த்தல்களுக்கு 50 நாள்கள். ஆட்டக்காரர் காலையில் வேலைக்குப் போகலாம், இரவில் பலகையைப் பார்க்கலாம், ஒரு நகர்த்தலை ஒரு வாரம்கூட ஆராயலாம். ஆழமாகச் சிந்திப்பதுதான் இந்த விளையாட்டின் சுவை.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஆட்டம் 40 நகர்த்தல்கள் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 200 நாள்கள் கிடைக்கும். ஒருவர் சிந்திக்கும்போது மற்றவரின் கடிகாரம் நின்றிருக்கும். ஆகவே, இருவரும் தங்கள் நேரம் முழுவதையும் பயன்படுத்தினால் ஆட்டம் முடிய 400 நாள்கள் ஆகும். இது விடுப்பு நாள்களைச் சேர்க்காத கணக்கு.

சுற்றுச் சுற்றாக ஏன் நடத்துவதில்லை?

பள்ளிப் போட்டிகளில் சுவிஸ் முறையைப் பார்த்திருப்பீர்கள். முதல் சுற்றில் வென்றவர்கள், இரண்டாவது சுற்றில் வென்றவர்களையே சந்திப்பார்கள். இதற்கு முதல் சுற்று முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கே 400 நாள்கள் என்றால், 5 சுற்றுகளுக்கு 5 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். படிவம் 1இல் போட்டியைத் தொடங்கும் மாணவர், படிவம் 5ஐ முடித்த பிறகும் ஆடிக்கொண்டிருப்பார்!

எனவே, இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் சந்திக்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஆட்டங்களும் ஒரே நாளில் தொடங்கும்.

11 அணிகள், அணிக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். 11 அணிகளை இரண்டிரண்டாக 55 விதங்களில் சேர்க்கலாம். ஒவ்வொரு மோதலிலும் 4 பலகைகள். ஆக மொத்தம் 220 ஆட்டங்கள். 44 ஆட்டக்காரர்களில் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் 10 எதிராளிகளோடு ஆடுவார். அவரே இன்னும் இரண்டு போட்டிகளில் சேர்ந்திருந்தால், மேசையில் 30 ஆட்டங்கள் காத்துக்கிடக்கும். ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பின்னர் திணறுபவர்கள் பலர்.

கடைசி ஆட்டத்தின் கணிதம்

220 ஆட்டங்களில் 219 முடிந்துவிட்டாலும், மீதமுள்ள ஓர் ஆட்டம் முதலிடத்தைத் தீர்மானிப்பதாக இருந்தால் அனைவரும் காத்திருக்க வேண்டும். ஒரு போட்டி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை ஆட்டங்களின் சராசரி நேரம் முடிவு செய்வதில்லை; மிக மெதுவான ஆட்டமே முடிவு செய்கிறது.

ஓர் ஆட்டம் ஓராண்டுக்குள் முடிய 99 விழுக்காடு வாய்ப்பு உள்ளது எனக் கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 220 ஆட்டங்களும் ஓராண்டுக்குள் முடிய எவ்வளவு வாய்ப்பு? ஓர் ஆட்டம் மற்றோர் ஆட்டத்தைப் பாதிக்காது என்று எடுத்துக்கொண்டால், 0.99ஐ 220 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.11. அதாவது, 11 விழுக்காடுதான்! ஒவ்வோர் ஆட்டமும் ஏறக்குறைய உறுதியாக முடியும் என்றாலும், போட்டி முழுவதும் குறித்த நேரத்தில் முடிவது அரிது.

மௌனமாகிவிடும் ஆட்டக்காரர்

ஏற்பாட்டாளர்கள் மிகவும் அஞ்சுவது தோல்வியையோ சண்டையையோ அல்ல, மௌனத்தை. திடீரென ஓர் ஆட்டக்காரரிடமிருந்து நகர்த்தல் வருவது நின்றுவிடும். அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் இருக்கலாம், தேர்வு நெருங்கியிருக்கலாம், ஆர்வம் போயிருக்கலாம். தொலைவில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியாது. ஓடும் கடிகாரம் மட்டும் தெரியும்.

தனிநபர் போட்டியில் இது அவருடைய இழப்பு. குழுப் போட்டியில் அப்படியில்லை. அவருடைய 10 ஆட்டங்களில் 4 முன்பே முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 எதிராளிகளும் பல மாதங்கள் போராடி, சிலர் வென்று, சிலர் தோற்றிருப்பார்கள். மீதமுள்ள 6 பேருக்கு உழைக்காமலேயே வெற்றி கிடைக்கும். அவர்களுடைய அணிகள் பட்டியலில் மேலே போகும். விலகியவரின் அணித் தோழர்கள் மூவரும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்புவது கடினம். ஒருவரின் மௌனத்தால் 11 அணிகளின் வரிசையும் மாறக்கூடும்.

இதற்கு என்ன தீர்வு? அவருடைய எல்லா ஆட்டங்களையும் ரத்து செய்தால், முடிந்த 4 ஆட்டங்களில் நேர்மையாக வென்றவர்களுக்கு அநீதி. முடியாத ஆட்டங்களை மட்டும் எதிரணிக்குக் கொடுத்தால், அவை இலவசப் புள்ளிகள். எனவேதான் குழுப் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கிறார்கள். அவர் பாதியில் நிற்கும் ஆட்டங்களை, இருக்கும் நிலையிலேயே ஏற்றுத் தொடர வேண்டும். இன்னொருவர் தொடங்கிய ஓவியத்தை முடித்துத் தருவதைப் போன்ற வேலை இது. முந்தையவர் என்ன திட்டத்தில் குதிரையை அந்த மூலைக்கு அனுப்பினார் என்பதுகூடத் தெரியாமல் ஆட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் அணித்தலைவரின் பங்கு தொடங்குகிறது. அவரும் ஓர் ஆட்டக்காரராக இருக்கலாம். ஆனால், அவருடைய முக்கிய வேலை, யார் எப்போது கடைசியாக நகர்த்தினார் எனக் கவனிப்பது, மௌனம் நீளும்முன் விசாரிப்பது, தேவைப்பட்டால் மாற்று ஆட்டக்காரரைக் கேட்பது. புலனக் குழுவில் பள்ளி இடுபணிக்காக நண்பர்களைத் துரத்திய அனுபவம் உங்களுக்கு இருந்தால், இந்த வேலை எப்படிப்பட்டது என்பது புரியும்.

வேண்டுமென்றே இழுத்தடித்தால்?

மௌனத்தில் இன்னொரு வகையும் உண்டு. தோற்கப் போவது தெரிந்தும் சிலர் ஆட்டத்தைக் கைவிட மாட்டார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பல வாரங்கள் எடுத்துக்கொள்வார்கள். எதிராளி சலித்து விலகிவிட மாட்டாரா, அல்லது இறந்தே போய்விட மாட்டாரா என்ற எண்ணம்கூட இதற்குப் பின்னால் இருக்கலாம். இந்தப் பழக்கத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த கசப்பான பெயர் ‘டெட் மேன்ஸ் டிஃபென்ஸ்’.

இதைக் கட்டுப்படுத்த விதிகள் உருவாயின. ஒரே நகர்த்தலுக்கு 20 நாள்களுக்கு மேல் எடுத்தால், அதற்குப் பிந்தைய நாள்களை இருமடங்காகக் கணக்கிடுவது அவற்றுள் ஒன்று. ஆனால், விதியை மிகவும் இறுக்கினால், உண்மையிலேயே நோயுற்றவரும் தண்டிக்கப்படுவார். நேர்மையான தாமதத்தையும் குறும்பான தாமதத்தையும் கடிகாரத்தால் பிரித்தறிய முடியாது.

கணினி கூட இருக்கும்போது

வீட்டில் இருந்தபடி ஆடுபவர் சதுரங்க மென்பொருளைப் பயன்படுத்துகிறாரா என்பதை எப்படி அறிவது? இதில் இரண்டு வழிகள் உள்ளன. ஐசிசிஎஃப் மென்பொருளை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்கள் அதைத் தடை செய்கின்றன. தொடக்க ஆட்டத் தரவுகளைப் பார்க்க மட்டும் அனுமதிக்கின்றன.

இரண்டு வழிகளிலும் விலை உண்டு. அனுமதித்தால், உயர்நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை சமநிலையில் முடிகின்றன. அணிகளைப் பிரிப்பது அரைப்புள்ளி வித்தியாசம்தான். அப்போது ஒருவர் விலகியதால் கிடைக்கும் ஓர் இலவசப் புள்ளி, கோப்பையையே தீர்மானித்துவிடலாம். தடை செய்தால், போட்டி பாதியில் இருக்கும்போது ஒருவரின் கணக்கு முடக்கப்படலாம். மீண்டும் அதே சிக்கல்: அவருடைய பழைய ஆட்டங்களை என்ன செய்வது?

நீங்களும் முயன்று பாருங்கள்

உங்கள் பள்ளிச் சதுரங்கக் கழகம் பக்கத்துப் பள்ளிகளோடு இப்படியொரு போட்டி நடத்த விரும்பினால், சிறியதாகத் தொடங்குங்கள். நகர்த்தலுக்கு 1 நாள் வைத்தால், 40 நகர்த்தல் கொண்ட ஆட்டம் அதிகபட்சம் 80 நாள்களில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரை முதல் நாளே பதிவு செய்யுங்கள். ஒருவர் விலகினால் அவருடைய ஆட்டங்கள் என்னவாகும் என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். விலகிய பிறகு முடிவு செய்தால், எந்த முடிவும் யாருக்காவது ஒருதலைப்பட்சமாகவே தெரியும்.

கடைசியாக ஒரு கணக்கு. 44 ஆட்டக்காரர்களில் ஒவ்வொருவரும் இறுதிவரை ஆட 98 விழுக்காடு வாய்ப்பு உள்ளது என்றால், ஒருவர்கூட விலகாமல் போட்டி முடிய எவ்வளவு வாய்ப்பு? 0.98ஐ 44 முறை பெருக்கிப் பாருங்கள். விடை 41 விழுக்காட்டுக்கு அருகில் வரும். பாதிக்கும் குறைவு! மாற்று ஆட்டக்காரரைத் தயாராக வைக்கச் சொல்வது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.