பொந்தியானாக்கை வெட்டி ஒட்டலாமா?

பழைய படமொன்றை எடுத்து, காட்சிகளை வெட்டி, வரிசையை மாற்றி, வேறு இசை சேர்த்துத் தனக்குப் பிடித்த வடிவில் ரசிகரே அமைத்துக்கொள்வதை ரசிகர் மறுதொகுப்பு எனலாம். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துப் படிக்கும் மாணவரும் ஒரு மடிக்கணினியில் இதைச் செய்துவிடலாம். அமெரிக்காவில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) வெளியானபோது தலைப்பு மாறியது; அந்த மாற்றத்தில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் படம் பொதுச்சொத்தாயிற்று. 2009இல் ஓவியர்கள் பலர் கூடி, மூல ஒலியை அப்படியே வைத்து, படம் முழுவதற்கும் புதிதாக அசைவூட்டம் செய்தார்கள்.

நம் ஊர்ப் பேய்க்கு வருவோம். கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் வெளிவந்தது. நாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கிய அதே ராவ்தான்! மலாய்ப் பேய்ப்படத்தில் நம் பழைய படங்களின் சாயல் தெரிவதில் வியப்பில்லை.

இன்றைய ரசிகர் முதலில் எதை வெட்டுவார்? பாட்டையும் நகைச்சுவையையும்தான். "திகில் கெடுகிறது" என்பார். ஆனால், சாத்தே விற்பவராக நடித்த வாஹிட்டுக்கு 'வாஹிட் சாத்தே' என்ற பெயரே அந்தப் படத்தால்தான் நிலைத்தது. சிரித்துச் சற்றே அசந்திருக்கும் நேரத்தில் பேய் வந்தால்தானே பயம்! பாட்டை எடுத்துவிட்டால் படம் வேகமாக ஓடும். பயம் கூடுமா என்பது ஐயமே.

இன்னொன்று. வெட்டுவதற்கு அந்தப் படமே இன்று இல்லை. அதே ஆண்டில் வந்த 'டெண்டாம் பொந்தியானாக்' படமும் இல்லை. சுருள்கள் ஈயக்குட்டையில் எறியப்பட்டதாக ஒரு கதை உலவுகிறது. ஜெர்மனியின் 'நோஸ்ஃபெராட்டு' (1922) படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றமே ஆணையிட்டது. ஆயினும் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் அதைக் காப்பாற்றின. நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' (1958) மட்டும் தப்பியது. கேத்தே-கெரிஸ் மலாய்ப் படத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். மலேசியச் சட்டம் (1987) திரைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுக் காப்பு தருகிறது. சிங்கப்பூரில் கணக்கு வேறு.

மறுதொகுப்பில் ஆர்வமுள்ளோர் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைக்கவும்; எந்த நிமிடத்தில் எதை வெட்டினீர்கள் என்று குறித்துவைக்கவும். கிள்ளானில் உங்கள் பாட்டி தாத்தா யாரேனும் 1957இல் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், கைப்பேசியை இயக்கிவிட்டு, கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பாட்டு எங்கே வந்தது என்றும் கேளுங்கள்.