13 நிமிடம், 51 விநாடி மிச்சம்

முதல் நாள் புஷ்-அப் ஒன்று, சிட்-அப் ஒன்று, ஸ்குவாட் ஒன்று. மறுநாள் இரண்டிரண்டு. அதற்கடுத்த நாள் மும்மூன்று. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிறிஸ் நிகிச் என்ற இளைஞருக்கு அவருடைய அப்பா போட்டுக் கொடுத்த உடற்பயிற்சித் திட்டம் இவ்வளவுதான். நேற்றைவிட இன்று 1 சதவீதம் கூடினால் போதும் என்பது அப்பாவின் கட்சி.

1 சதவீதம் என்றதும் சுயமுன்னேற்றப் புத்தகம் படிப்பவர்கள் கால்குலேட்டரை எடுப்பார்கள். தினம் 1 சதவீதம் கூடினால் ஒரு வருடத்தில் 37 மடங்குக்கு மேல் ஆகிவிடுமே! ஆகும், கந்துவட்டிக்காரர் கையில். உடம்பு வட்டிக்கு வட்டி கொடுப்பதில்லை. கொடுத்தால் தனி வட்டி. அதையும் சில மாதம் நிறுத்திவைக்கும். ஒரு காய்ச்சல் வந்தால் அசலிலேயே கைவைக்கும். நிகிச் வீட்டில் நடந்ததும் தனி வட்டிக் கணக்குதான். அதை நம்பி அவர்கள் இறங்கிய காரியத்தைக் கேட்டால்தான் மலைப்பாக இருக்கிறது. திறந்த நீரில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். அயர்ன்மேன் என்று உலகம் அழைக்கும் முழுத்தூர டிரையத்லான் இதுதான்.

சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலத்தையும் தாண்டிக் கடலிலேயே நீந்த வேண்டும். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து புதுச்சேரியைக் கடந்து கடலூர் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். அங்கே யாரும் ஜூஸ் கொடுத்து உட்கார வைக்க மாட்டார்கள். ஒரு முழு மாரத்தான் பாக்கி இருக்கும்.

கிறிஸ் 1999-இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். நம் உடம்பின் செல்களில் 21-ஆவது குரோமோசோம் இரண்டு இருக்கும், இவர்களுக்கு மூன்று. அந்த ஒன்று கூடிப்போனதால் தசைகளில் விறைப்பு குறையும், மூட்டுகள் தளர்ந்திருக்கும், உடம்பை நிலைநிறுத்துவதே பாடாக இருக்கும். பாதிப் பேருக்குப் பிறக்கும்போதே இதயத்தில் குறை இருக்கும். கிறிஸுக்கு ஐந்து மாதத்தில் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு வயது வரை தனியாக நடக்கவில்லை. பதின்பருவத்தின் நடுவில்தான் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டார்; பேலன்ஸ் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. பிறகு காதில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். பயிற்சி நின்றது, எடை ஏறியது, நாள் முழுக்க வீடியோ கேம் என்று ஆனது. ஒரே ஒரு புஷ்-அப் என்று அப்பா ஆரம்பித்தது அந்த நிலையில் இருந்த மகனிடம்தான்.

நான் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் பழுதாகும் நாளில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று யாருக்காவது போன் செய்வதுபோல் பாவனை செய்வேன். அதனால் அந்த ஒரே ஒரு புஷ்-அப்பைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அயர்ன்மேன் பிறந்ததே ஒரு வாய்ச்சண்டையில். ஹவாயின் ஓஆஹு தீவில் 1977-இல் ஒரு தொடர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விருந்தில் பேச்சு கிளம்பியது: உடல் வலுவில் யார் உசத்தி, ஓடுகிறவரா, நீந்துகிறவரா? அங்கே இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், இரண்டு பேரும் இல்லை, சைக்கிள்காரராகவும் இருக்கலாம் என்று மூன்றாவது கட்சியைக் கிளப்பினார். தீவில் ஏற்கெனவே வைகிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் என்று மூன்று இருந்தன. மூன்றையும் முடிச்சுப் போட்டு, மாரத்தான் தொடங்கும் இடத்தில் சைக்கிள் வந்து நிற்கும்படி சைக்கிள் பாதையில் மூன்று மைலைக் கத்தரித்துவிட்டார். அதனால்தான் இன்றும் சைக்கிளுக்கு 112 மைல், அதாவது 180 கிலோமீட்டர், என்ற விநோதமான எண். உடலியல் விஞ்ஞானி யாரும் உட்கார்ந்து வகுத்த தூரம் அல்ல இது. ஒரு தீவின் சுற்றளவு.

1978 பிப்ரவரி 18 அன்று 15 ஆண்கள் புறப்பட்டு, 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு ஓட்டத்தின் நடுவில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்களாம். அவர் தள்ளாடியதில் களைப்பு எவ்வளவு, பீர் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. எனக்குப் பிடித்தது ஒன்பதாவது இடம். போட்டியை உருவாக்கிய காலின்ஸ் முடித்த நேரம் 17 மணி 0 நிமிடம் 38 விநாடி. இன்றைய விதிப்படி அவர் தோற்றவர். 38 விநாடி தாமதம்.

கட்-ஆஃப் என்கிற இந்தக் கெடுதான் சாதாரண மனிதர்களுக்கு இங்கே உண்மையான எதிராளி. முதலிடத்துக்கு ஓடுபவர்கள் எட்டு மணி நேரத்தில் முடித்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் இருப்பார்கள். மற்றவர்களை நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிள் முடிய 10 மணி 30 நிமிடம், மொத்தம் 17 மணி என்று கடிகாரம் பின்னாலேயே துரத்தும். ஜப்பானின் ஹிரோமு இனடா, நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்ள வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அறுபதுக்கு மேல் நீச்சல் பழகி, எழுபதில் முதல் டிரையத்லான் முடித்தவர். 2015-இல் 82 வயதில் ஹவாயின் கோனா உலகப் போட்டியில் எல்லைக்கோடு கண்ணில் தெரியும் தூரத்தில் சரிந்து விழுந்து, எழுந்து வந்தார். ஐந்து விநாடி தாமதம், கணக்கில் சேர்க்கவில்லை. 2018-இல் 85 வயதில் அதே போட்டியை 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். 

முதல்முறை இறங்குபவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் கால் அல்ல, வயிறு. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு சுமார் 2,000 கலோரி. இந்த நாளுக்குத் தேவை எட்டாயிரம், பத்தாயிரம் கலோரி. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு மூட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கொல்லையில் நனைந்து கிடக்கும் விறகு, மெதுவாகத்தான் பற்றும். சர்க்கரை காய்ந்த சுள்ளி, குபீரென்று எரிந்து தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் நீளமாக, நிதானமாகப் பயிற்சி செய்வதே அந்த ஈர விறகை எரிக்கப் பழகத்தான். அப்போதும் சுள்ளியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, சைக்கிள் மிதித்துக்கொண்டே. வீட்டில் பழகாத ஜெல்லைப் போட்டியன்று வாயில் வைத்தவர்கள் சாலையோரப் புதரைத் தேடிய கதை எல்லாப் போட்டியிலும் உண்டு. தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, வலிப்பு வரை போகலாம். வெயிலில் வந்தவருக்கு மோரில் உப்பைப் போட்டுக் கொடுத்த பாட்டிகளுக்கு இந்த அறிவியல் கையோடு இருந்தது.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை 1982-இல் தொலைக்காட்சி உலகத்துக்கே காட்டிவிட்டது. உடற்பயிற்சி உடலியல் படித்துக்கொண்டிருந்த ஜூலி மாஸ், ஆய்வுக்காகவே போட்டியில் இறங்கியவர். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் கடைசித் தொலைவில் நிலைகுலைந்து விழுந்தார். எழுந்தார், விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிச் சென்று வென்றார். ஜூலி கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து, 29 விநாடி பின்னால் கோட்டைத் தொட்டார். வென்றவர் பெயரைவிடத் தவழ்ந்தவர் பெயரே நிலைத்தது. அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் ஆட்கள் இந்தப் போட்டிக்குக் கிளம்பினார்கள். தவழ்வதைப் பார்த்துவிட்டு நமக்கும் வேண்டும் என்று தோன்றுகிற மனித மனதை நான் இன்னும் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இந்த ஆசைக்குப் பெரிய முகம் நடிகர் மிலிந்த் சோமன். ஐம்பதை நெருங்கிய வயதில், 2015-இல், சூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முழுத்தூரத்தை முடித்தார். 2019 முதல் கோவாவில் பாதித்தூர அயர்ன்மேன் நடக்கிறது. 1.9, 90, 21.1 கிலோமீட்டர். அலுவலகம் போகும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கு இங்கே முட்டுக்கட்டை கடல்தான். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைக்கு ஆழத்தில் பயமில்லை. ஆனால் கிணற்றில் தூரம் கிடையாது. அபார்ட்மென்ட் குளத்தில் பழகியவருக்குத் தூரம் வரும். சுவரும் தரையில் கோடும் இல்லாத நீரைக் கண்டால் மூச்சு முட்டும். நீந்தும்போதே நடுநடுவே தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்கத் தனியாகப் பழக வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டிய கால்கள் யாருடையவோ போலிருக்கும். அதற்கு, சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகுவது தவிர வழியில்லை.

கிறிஸ் இவை அத்தனையையும் பழகினார். ஃப்ளோரிடா சிறப்பு ஒலிம்பிக்ஸின் டிரையத்லான் திட்டத்தில் சேர்ந்தார். தன்னார்வப் பயிற்சியாளர் டான் கிரீப், நீச்சலிலும் ஓட்டத்திலும் கயிற்றால் தன்னோடு பிணைத்துக்கொண்டு வழித்துணையாக வரச் சம்மதித்தார். கொரோனாவால் போட்டிகள் ரத்தான 2020 மே மாதத்தில், உள்ளூர் ஆட்களே ஏற்பாடு செய்த களத்தில் பாதித்தூரத்தை முடித்தார். முழுத்தூரம் நவம்பர் 7-ஆம் தேதி, ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில். அப்போது வயது 21. சொந்த வீடு, கார், அழகான மனைவி: இவைதான் அவர் எழுதிவைத்திருந்த கனவுப் பட்டியல். பதக்கம் எதுவும் அதில் கிடையாது.

நீச்சலை 1 மணி 54 நிமிடத்தில் முடித்தார். கெடுவுக்கு 25 நிமிடம் மிச்சம். சைக்கிள்தான் படுத்தியது. தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் நெருப்பெறும்புப் புற்று. கணுக்கால் வீங்கியது. இரண்டு முறை கீழே விழுந்தார். ஆனாலும் 8 மணி 12 நிமிடத்தில் முடித்தார். சராசரி மணிக்கு 22 கிலோமீட்டர். மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவர்கூட எட்டும் வேகம்தான், எட்டு மணி நேரம் மிதிக்கத் தயாராக இருந்தால். ஓட்டத்தில் 16-ஆவது கிலோமீட்டர் வாக்கில் ஆள் நொறுங்கிப்போனார். அப்பா கட்டிப் பிடித்துக்கொண்டு, வலி ஜெயிக்கட்டுமா, கனவு ஜெயிக்கட்டுமா என்று கேட்டாராம். தாளில் படிக்கும்போது சினிமா வசனம்தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடியாடித் தேய்ந்த மகனின் காதில் விழும்போது என்னவாக இருந்திருக்கும் என்று தெரியவில்லை. மகன் கனவு என்றார், நகர ஆரம்பித்தார்.

மாரத்தானுக்கு ஆன நேரம் 6 மணி 18 நிமிடம் 48 விநாடி. கிலோமீட்டருக்கு 9 நிமிடம். கைவீசி வேகமாக நடப்பவரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இந்த வேகத்தை யாராலும் ஐந்து நிமிடம் தொடர முடியும். நின்றுவிட்டால்தான் சிக்கல்: மிச்சமிருந்த நேரத்தில், கூடாரத்தில் நாற்காலி போட்டு அரை மணி உட்கார இடமே கிடையாது. மொத்தம் 16 மணி 46 நிமிடம் 9 விநாடி. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அயர்ன்மேனை முடித்தது உலகில் அதுவே முதல்முறை. கின்னஸ் பதிவும் ஆயிற்று.

இரண்டு வருடம் கழித்து, 2022 அக்டோபர் 6 அன்று, தன்னுடைய 23-ஆவது பிறந்தநாளில் கிறிஸ் கோனா உலகப் போட்டியில் இறங்கினார். எரிமலைக் கரும்பாறைகளுக்கு நடுவே காற்றும் வெக்கையுமாக, ஏற்ற இறக்கமாகப் போகும் பாதை. ஃப்ளோரிடாவின் சமதளச் சாலையோடு சேர்த்துப் பேசவே கூடாது. முடித்த நேரம் 16 மணி 31 நிமிடம் 27 விநாடி.

பென்சிலை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். முதல் போட்டியைவிட 14 நிமிடம் 42 விநாடி குறைவு. சதவீதத்தில், 1.46.