ராத்திரி வேலை நடந்ததா, யார் பார்த்தது?

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைத்துக் கூட்டாக வேலை பார்க்கும் கிட்லேப் தளத்தில், அன்று இரவு தரவுத்தளம் தகராறு செய்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதனோடு மல்லுக்கட்டிய பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுத்துவிடலாம் என்று கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடியில் உறைத்தது: தட்டியது முதன்மை சர்வரில். பதறி நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

போனால் போகட்டும், பேக்கப் இருக்கிறதே? தினமும் தரவுத்தளத்தை நகலெடுத்து அமேசானின் இணையக் கிடங்கில் போட்டுவைக்க ஒரு தானியங்கி வேலை அமைக்கப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தால் கிடங்கு காலி. நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6. இரண்டும் ஒத்துவராததால், கருவி ஒவ்வொரு முறையும் பிழை சொல்லிவிட்டு நின்றுபோயிருந்தது.

தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் ருசியான பகுதி. மின்னஞ்சல்கள் கிளம்பவும் செய்தன. ஆனால் போலி அஞ்சல்களை வடிகட்டும் டிமார்க் விதிமுறைக்குத் தேவையான கையொப்பம் அவற்றில் இல்லை. பெறுகிற சர்வர் அவற்றை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. கெட்ட செய்தி எதுவும் வராததால், எல்லாம் நன்றாக நடப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு ஒரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்திருந்த நகல்தான் கடைசியில் கை கொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். இத்தனையையும் அந்த நிறுவனமே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

எந்தத் தளமானாலும், நாம் பார்க்கும் பக்கங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள் வரிசையாக நிற்கின்றன. நள்ளிரவு பேக்கப், காலை 6 மணிக்கு வெளியாக வேண்டிய கட்டுரை, சந்தா முடியப்போகிறவர்களுக்கு நினைவூட்டல், பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் நிற்பவற்றைச் சரிபார்த்தல். இவற்றை நேரம் பார்த்து எழுப்பிவிடுவது கிரான் என்ற சின்ன நிரல். 1970களில் யூனிக்ஸ் உலகத்தில் பிறந்தது. அதற்கு ஒரு வேலையைச் சொல்ல ஒரே வரி போதும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள், அடுத்து கட்டளை.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை குழிகள்! தேதிக் கட்டத்தில் 13, கிழமைக் கட்டத்தில் வெள்ளி என்று போட்டால், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் ஓடும் என்றுதானே நினைப்போம்? ஒவ்வொரு வெள்ளியும் ஓடும், ஒவ்வொரு 13ஆம் தேதியும் ஓடும். கட்டளையில் சதவீதக் குறி இருந்தால் அதோடு வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பேக்கப் ஃபைலின் பெயரில் தேதியைச் சேர்க்க நினைக்கிறவர்கள் தவறாமல் விழும் குழி இது. கையால் ஓட்டினால் ஓடுகிற கட்டளை, கிரான் ஓட்டினால் ஓடாமல் போகலாம். எந்தக் கருவி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நாம் கட்டளை தட்டும் திரைக்குத் தெரிந்த அளவு கிரானுக்குத் தெரியாது. நேரக் கணக்கு வேறு. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. காலை 6 என்று போட்டால் இந்தியாவில் வேலை நடப்பது பகல் 11.30 மணிக்கு.

உலகின் ஐந்து தளங்களில் இரண்டுக்கு மேல் ஓடும் வேர்ட்பிரஸில் சிக்கல் இன்னும் விசித்திரமானது. அதற்குள் இருக்கும் கிரானுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வரும்போதுதான், ‘செய்ய வேண்டியது ஏதாவது பாக்கியா?’ என்று பட்டியலைப் பார்க்கும். பால்காரர் கதவைத் தட்டினால்தான் எழுந்து மணி பார்க்கிற வீட்டுக்காரர் மாதிரி. கூட்டம் குறைந்த தளத்தில் காலை 6 மணிக்குக் குறித்த கட்டுரை, முதல் வாசகர் வரும் வரை தூங்கும். வேகத்துக்காகப் பக்கங்களை முன்கூட்டியே சமைத்துவைக்கும் தளமென்றால், வாசகர் வந்தாலும் தட்டல் உள்ளே கேட்காமல் போகலாம். அமைப்புக் கோப்பில் இந்த உள் கிரானை அணைத்துவிட்டு, சர்வரின் நிஜக் கிரானைக் கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டச் சொல்வதுதான் இதற்கு வழக்கமான மருந்து.

வேலை ஓடுகிறதா என்று அறிய, பெரும்பாலோர் செய்வது கிட்லேப் செய்ததைத்தான்: தோற்றால் சொல். இதில் ஓட்டை இருக்கிறது. சர்வரே படுத்துவிட்டால் தோல்வியைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கிரான் வரியையே யாரோ அழித்துவிட்டால், தோற்பதற்குக்கூட வேலை தொடங்காதே.

ராத்திரி விசிலடித்துக்கொண்டு தெருவில் போகும் கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் கேட்டால் புரண்டு படுக்கிறோம். கேட்காத அன்று? தூங்குகிறவருக்குக் கேட்காத சத்தம் எப்படித் தெரியும்? விசிலுக்காகக் காது கொடுத்து விழித்திருக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர்தான் ‘ஹார்ட்பீட்’ கண்காணிப்பு. வேலை நல்லபடியாக முடிந்ததும், வேறு இடத்தில் இருக்கும் ஒரு சேவைக்கு ‘முடிந்தது’ என்று ஒரு தட்டல் போகும். ராத்திரி 2 மணி வேலைக்கு 3 மணிக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் கைபேசியை அலறவைக்கும். இந்தக் காவலாள் அதே சர்வரில் குடியிருக்கக் கூடாது, வீடு எரியும்போது அவரும் உள்ளே இருப்பார். தட்டலும் வேலை தொடங்கும்போது போகக் கூடாது, முடிந்த பிறகே போக வேண்டும்.

முடிந்தது என்றால் என்ன என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். பேக்கப் வேலை ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டு, பூஜ்யம் பைட் ஃபைலைப் போட்டுவிட்டுப் போகலாம். ஆகவே ஃபைலின் அளவைப் பார்த்து, நேற்றையதைவிடத் திடீரென்று சுருங்கியிருந்தால் தட்டலை நிறுத்திவைப்பது நல்லது. அவ்வப்போது ஒரு பேக்கப்பை எடுத்து வேறொரு கணினியில் விரித்துப் பார்ப்பது அதைவிட நல்லது. அலுப்பான வேலைதான்.

இனி இப்படிப்பட்ட வேலைகள் கூடத்தான் போகின்றன. தளங்களின் பூட்டுப் படத்துக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறையப்போகிறது. கையால் புதுப்பித்துக் கட்டுப்படியாகாது, அதையும் தானியங்கி வேலைதான் செய்ய வேண்டும். சான்றிதழ்களை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், காலாவதி நினைவூட்டல் அஞ்சல்களையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

உங்கள் தளத்தில் இந்தக் கண்காணிப்பு எப்படி இருக்கிறது என்று அறிய விரும்பினால், ஒரு வார நாளில், ஆட்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே, ஏதாவது ஒரு சில்லறை வேலையின் கிரான் வரியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு உட்காருங்கள். எவ்வளவு நேரத்தில் யாருடைய கைபேசி ஒலிக்கிறது என்று பாருங்கள். போன வருடம் வேலையை விட்டுப் போனவருடைய கைபேசியாகக்கூட அது இருக்கலாம்.