சேற்றுக்குள் பிறந்த எதிர்ப்பு

கட்டுக்கரைக்குளத்தை நம்பிக் காலபோகம் செய்யும் உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் வயல்களில் மாரி தொடங்கினால் வெறுங்காலோடு சேற்றில் நிற்காதவர் குறைவு. வரம்பு கட்டும்போது மண்வெட்டி காலில் உரசும். அட்டை கடித்த இடம் ஆறாமல் கிடக்கும். யாரும் அதைக் காயமாகவே எண்ணுவதில்லை. தீவுக்குள் மணலும் பனையும் கடலுமாக இருக்கிற மன்னார், பெருநிலப்பரப்புக்கு வந்ததும் நெல்லாகிவிடுகிறது. நான் சொல்ல வந்த பக்டீரியாவுக்கு இப்படிப்பட்ட ஈர வயல் மண்தான் வீடு.

அதன் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலெய். அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். தோல் கீறல் வழியாகவோ, அசுத்த நீர் வழியாகவோ, புயல்மழை கிளப்பும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதாலோ உடலுக்குள் போகும். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது நிமோனியாவாகவே வெளிப்படுகிறது. சலரோகம் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. காலையில் காய்ச்சலோடு வந்தவர் ஓரிரு நாளில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பது இந்த நோயில் அரிதல்ல.

இதை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவருடைய பெயர் நமக்குப் பழக்கமான பெயர். 1911இல் ரங்கூனில் நோயியலாளர் அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் நுரையீரல், ஈரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகளைக் கண்டு, இதுவரை யாரும் விவரிக்காத நோய் என்று 1912இல் எழுதினார்கள். நோய்க்கு விட்மோர் பெயரும் வழங்கியது. கிருஷ்ணசாமியை மருத்துவ மாணவர்கள்கூட அறிந்திருப்பது அபூர்வம். அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இலங்கையின் முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1927இல் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் மௌனம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எனோகா கொரேயாவும் அவருடைய குழுவினரும் நாடு முழுவதும் தேடத் தொடங்கிய பின்னரே நோயாளிகள் தொடர்ந்து தெரியவந்தார்கள். நோய் புதிதாக வரவில்லை, இருந்ததைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

ஆய்வுகூடத்தில் அதைப் பிடிக்கும் வழியே அதிசயமானது. ஆஷ்டவுன் ஏகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வேண்டுமென்றே ஜென்டாமைசின் கலந்திருப்பார்கள். சளியில் உள்ள மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்தில் அடங்கிவிட, இது மட்டும் கவலையின்றி வளரும். சில நாட்களில் தட்டில் ஊதா நிறத்தில், காய்ந்த கத்தரித்தோல் போலச் சுருங்கிய கூட்டங்கள் தெரியும். அதன் எதிர்ப்புச் சக்தியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஜென்டாமைசின் உள்ளே வந்தால் உடனே வெளியே இறைத்துவிடும் பம்பு ஒன்று அதன் சுவரில் இருக்கிறது. பெனிசிலினையும் அம்பிசிலினையும் வெட்டிப்போடும் நொதியும் உண்டு. கொலிஸ்டின் பற்றிக்கொள்ள முடியாதபடி வெளிச்சவ்வும் அமைந்திருக்கிறது.

இந்த ஆயுதங்களை எந்த வைத்தியசாலையும் அதற்குக் கொடுக்கவில்லை. மண்ணுக்குள் பூஞ்சைகளும் பக்டீரியாக்களும் காலங்காலமாக ஒன்றையொன்று கொல்லும் பொருட்களைச் சுரந்து வருகின்றன. அவற்றின் நடுவே பிழைத்தவற்றுக்குக் கவசம் வேண்டியிருந்தது. கனடாவின் யூகோன் பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபணுக்களில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பு இருந்ததை 2011இல் கண்டார்கள். நம் மருந்துகளும் அந்தச் சண்டையிலிருந்து எடுத்தவைதான். மெரோபெனெம் வகையின் மூதாதையைத் தந்தது ஒரு மண் பக்டீரியா. செஃப்டாசிடிம் வகைக்கு வேராக இருந்தது, சார்டினியாத் தீவில் கழிவுநீர் கடலில் கலக்குமிடத்தில் 1945இல் ஜுசெப்பே புரோட்சு கண்டெடுத்த பூஞ்சை.

அந்த இரண்டு மருந்துகளும் மெலியோய்டோசிசுக்குக் கேட்கின்றன. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், செஃப்டாசிடிம் இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகப் பாதியாக்கியது. ஆனால் கடும் நிமோனியாவுக்கு வழக்கமாக முதலில் போடும் செஃப்ட்ரியாக்சோன், பெயரில் நெருங்கிய உறவாக இருந்தும், இந்தக் கிருமியிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. இரத்த வளர்ப்பின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை வைத்தியர் ஊகத்தின் பேரில்தான் மருந்து போட வேண்டும். "ஐயா, வயலுக்குள்ள இறங்கினீங்களோ? சலரோகம் இருக்கோ?" என்று வாட்டில் கேட்கும் இரண்டு கேள்விகள் இங்கே ஓர் உயிரின் விலை பெறும். அவுஸ்திரேலியாவின் டார்வினில் இந்நோயை 1989இலிருந்து விடாமல் பின்தொடர்கிறார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் 31 சதவீதமாக இருந்த இறப்பு, முப்பது ஆண்டுகளின் கடைசி ஐந்தில் 6 சதவீதம். புது மருந்து எதுவும் வந்து இதைச் செய்யவில்லை. முன்கூட்டியே சந்தேகப்பட்டதும், சரியான மருந்தை உடனே தொடங்கியதும், தீவிர சிகிச்சை தேர்ந்ததுமே காரணம்.

அந்தத் தீவிர சிகிச்சைக் கட்டிலிலேயே இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. செயற்கைச் சுவாசக் குழாய் தொண்டையில் இருக்கும் நோயாளியால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. குழாயின் உட்புறத்தில் கிருமிகள் படலமாகப் படியும். அசினட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை நுரையீரலுக்குள் இறங்கி இரண்டாவது நிமோனியாவைத் தரும். மெலியோய்டோசிஸ் கிருமியின் எதிர்ப்பு பிறவிச் சொத்து. இவற்றின் எதிர்ப்போ பெரும்பாலும் கைமாறி வருவது, நாம் அளவில்லாமல் மருந்து பாவிப்பதால் பெருகுவது. மெரோபெனெமையே வெட்டும் என்.டி.எம்.-1 என்ற நொதி 2008இல் தெரியவந்தது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு, சென்னையில் மட்டும் அதைக் கொண்ட 44 கிருமி மாதிரிகளைக் காட்டியது. பாக்குநீரிணையின் அக்கரையில் நடப்பது இக்கரைக்கும் செய்திதான். 2019இல் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிட்டார்கள்; நுரையீரல் தொற்றுகளே அதில் முன்னணி.

மெரோபெனெம் பயன்படாத இடத்தில் வைத்தியர் கடைசியாகக் கையில் எடுப்பது பெரும்பாலும் கொலிஸ்டின். அந்தக் கடைசி மருந்து வயல் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆக, ஒரே நோயாளிக்கு வயலிலிருந்து வந்த தொற்றும் வாட்டில் தொற்றியதும் சேர்ந்துகொண்டால், இரண்டுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய மருந்துகளில் முக்கியமானது மெரோபெனெம். ஒவ்வொரு சாதாரணக் காய்ச்சலுக்கும் அதை ஏற்றும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நரம்பு வழி மருந்து குறைந்தது பத்து, பதினான்கு நாள். வீடு திரும்பிய பின்னும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் கோட்ரைமொக்சசோல் குளிசைகள் எடுக்க வேண்டும். பழைய, மலிவான மருந்துதான். ஆனால் காய்ச்சல் போய்ப் பசி எடுத்ததும் இடையில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. செல்களுக்குள் ஒளிந்திருந்த கிருமி அப்படிப்பட்டவர்களிடம் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஓராண்டுக்குள். வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளில் அடுத்த தவணைக்குரிய குளிசைப் பையும், கிளினிக் திகதியும், வயலுக்குப் போட ஒரு சோடி பூட்சும் அவர் கையில் இருக்க வேண்டும்.