என்ன வேலை செய்கிறீர்கள் என்று நாங்கள் ஏன் கேட்கிறோம்?

கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மூவரசம்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் பெயரையும் வயதையும் கேட்டபின், தொழிலையும் கேட்கிறோம். பலர் இதனைச் சீட்டு நிரப்பும் சம்பிரதாயமாகவே எண்ணி, ‘கூலி’, ‘தனியார்’ என ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். குடும்பத்தின் சுமை முழுவதையும் தாங்கும் பெண்களோ ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்கின்றனர். அந்தச் ‘சும்மா’வுக்குள் விடியற்காலை முதல் இரவு வரை எத்தனை வேலைகள் அடங்கும் என்பதை அவர்களே அறிவர்.

இக்கேள்வி பழமையானது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என ஹிப்போகிரட்டீஸ் வகுத்த வினாக்களோடு, தொழில் யாது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். திரிசூலத்துக் கல் குவாரிகளையும், குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையையும் அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கல் தூசு நுரையீரலை அரிக்கும். பதனிடும் இரசாயனம் தோலைப் புண்ணாக்கும். ஆனால் தூசும் இரசாயனமும் இல்லாத வேலைகளும் உடலைத் தொடாமல் விடுவதில்லை.

உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதை உட்கொண்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். அறையை ஒட்டியே கழிப்பறை உள்ள அலுவலருக்கு இது சிறு தொல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் தனியாளாய் நிற்கும் காவலாளிக்கோ, பேருந்து நடத்துநருக்கோ, நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியும் அவற்றுள் ஒன்றிலும் கழிப்பறைக்குச் செல்ல இயலாத பெண்ணுக்கோ, இது பெரும் இடர். எனவே மாத்திரை நின்றுவிடுகிறது. தண்ணீர் குடிப்பதும் குறைகிறது. அடுத்த முறை வரும்போது அழுத்தம் உயர்ந்தே இருக்கும். பணியின் தன்மையை அறியாத மருத்துவர், மருந்து போதவில்லை எனக் கருதி அளவைக் கூட்டக்கூடும். அறிந்தவரோ வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அல்லது உட்கொள்ளும் நேரத்தை மாற்றித் தரலாம். (இம்மாற்றத்தை நீங்களாகவே செய்துகொள்ள வேண்டா.) இங்கே குறுக்கே நிற்பது நோயன்று, ‘ஐந்து நிமிடம் போய் வருகிறேன்’ என்று சொல்ல இயலாத நிலையே.

அந்த நிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். இலண்டனின் வைட்ஹால் பகுதி அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு 1967-இல் தொடங்கியது. பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளுக்கே மாரடைப்பு மிகுதி என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. கிடைத்த விடை நேர்மாறானது. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம், உச்சத்தில் இருந்தவர்களைப் போல் சுமார் மூன்று மடங்காக இருந்தது. இடைப்பட்ட படிகளிலும் பதவி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவர் அல்லர்; அனைவருக்கும் நிரந்தர வேலையும் இலவச மருத்துவமும் இருந்தன. புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கப்பட்ட இரண்டாம் ஆய்வு, தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க இயலாதவர்களுக்கு இதயநோய் மிகுதி என்று காட்டியது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரின் பெயர் இவ்வாய்வுகளோடு இணைந்தது.

இடைவிடாத நெருக்கடியில் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளை மிகுதியாக வெளியிடுகிறது. ஒரு நாள் நெருக்கடியை உடல் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, உறக்கம் குலைகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை வழியே இரவுப் பணிக்குச் செல்லும் மென்பொருள் ஊழியரும் இதற்கு விலக்கல்லர். சம்பளம் உயர்ந்திருக்கலாம், நேரம் அவர் கையில் இல்லை.

சில சமயம் சட்டம் மருத்துவத்துக்குத் துணை வருகிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்றே விற்பவர்களுக்குக் கால் வீக்கமும், ‘நரம்புச் சுருட்டல்’ என வழங்கும் சிரை வீக்கமும் ஏற்படுவதைக் காண்கிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது வியப்புதான். ஆயினும் அது நல்ல மருந்து.

தாழ்ந்த நிலையில் உள்ளவர் நோயுற்றே தீர வேண்டும் என்பதில்லை. இதற்கான சான்று சென்னையிலேயே உண்டு. தாம்பரத்தில் 1928-இல் சானடோரியம் அமைந்த காலத்தில், காசநோய்க்கு நல்ல காற்றும் நல்ல உணவும் நீண்ட ஓய்வும் இன்றியமையாதவை எனக் கருதினர். இவை ஏழைகளுக்கு எட்டாதவை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து தந்து பார்த்தது. வீட்டில் இருந்தோருக்கு உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. எனினும் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். மருந்து இலவசமாகத் தவறாமல் கிடைத்தது. பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கண்காணித்தனர். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாற இவ்வாய்வு வழிகோலியது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவதும் இவ்வழியே.

உடன் வரும் உறவினருக்கும் ஒரு சொல். நோயாளியைப் பார்த்துக்கொள்ள யார் வேலையை விடுவது என்ற பேச்சு எழும்போது, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலையே முதலில் போகிறது. அவருடைய உறக்கம், உணவு, முதுகுவலி ஆகியவற்றையும் எங்களிடம் சொல்லுங்கள். அதற்கெனத் தனிச் சீட்டு போடத் தயங்க வேண்டா.

அடுத்த முறை வரும்போது வேலை நேரம், ஷிப்டு மாறும் நாட்கள், உண்ணும் வேளை, கழிப்பறை வசதி, விடுப்பு எடுத்தால் கூலி போகுமா என்பன பற்றிக் கூறுங்கள். இன்சுலின் போடுவோருக்கு உணவு வேளை மிகவும் முக்கியம். ஊசி போட்டபின் உண்ண நேரமின்றி வண்டி ஓட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். தகுதியுள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய், புற்றுநோய் முதலிய நீண்டகால நோய்களுக்கு உரிய நிபந்தனைகளின்படி 80 விழுக்காடு வீதம் மேலும் நீட்டிக்கவும் வழியுண்டு. இதற்கான சான்றை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பெற வேண்டும். இங்கு எடுத்த பரிசோதனை முடிவுகளின் நகல்களையும் உடன் கொண்டு செல்லுங்கள்.