நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் கடைசல் வேலையும்

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்பது தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் உள்ள நாச்சியார்கோயிலில் (திருநறையூர்) செய்யப்படும் பித்தளை விளக்கு ஆகும். இது புவிசார் குறியீடு பெற்ற தமிழகக் கைவினைப் பொருள்களுள் ஒன்று. இதன் உச்சியில் அமரும் அன்னத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. விளக்கு சாயாமல் நிற்கவும் எண்ணெய் ஒழுகாமல் இருக்கவும் காரணமான கடைசல் வேலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பாகங்கள்

குத்துவிளக்கு ஒரே வார்ப்பாகச் செய்யப்படுவதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெயும் திரியும் இருக்கும் அகல் தட்டு, உச்சியில் வரும் பிரபை எனத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிச் சேர்க்கிறார்கள். உயரமான விளக்குகளில் தண்டே பல துண்டுகளாக இருக்கும். கழற்றிப் புளி போட்டுத் துலக்குவதற்கும், சீர்வரிசையோடு வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கும் இது வசதி.

வார்ப்பு

விளக்கு செய்யும் பத்தர்களின் முன்னோர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றும், காவிரிப் பகுதியின் வண்டல் மண் அச்சுக்கு ஏற்றதாக இருந்ததால் இங்கே தங்கிவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. மண் நைசாக இருந்தால் வார்ப்பின் மேற்பரப்பும் நைசாக வரும். கடைசலில் சீவி எறிய வேண்டிய உலோகம் குறையும்.

கும்பகோணத்துக்கு அருகிலேயே உள்ள சுவாமிமலையில் சிற்பங்கள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு சிலைக்கும் புதிய மெழுகு உருவம் வேண்டும். அச்சையும் உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். நாச்சியார்கோயிலில் ஒரே மாதிரி வடிவத்தை மண்ணில் மீண்டும் மீண்டும் பதித்து அச்சு எடுக்கிறார்கள். உருண்டையான பாகங்களைக் கடைசலில் சுழற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் இம்முறை விளக்குக்குப் பொருந்துகிறது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பு உருக 1085 பாகை செல்சியசு வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையிலிருந்து எழும் வெண்புகை இந்த ஆவி காற்றில் எரிந்து உண்டாகும் துத்தநாக ஆக்சைடு. அதை அதிகம் சுவாசித்தவருக்கு அன்று மாலையோ இரவோ குளிர்காய்ச்சல் வரக்கூடும்.

கடைசல்

மின்சாரம் வருவதற்கு முன் கடைசல் பொறியைச் சுழற்றவே ஓர் ஆள் தனியாக வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையை மோட்டார் செய்கிறது. ஆனால் வளையங்களையும் மணி வரிகளையும் எடுக்கும் உளி இன்னும் கையில்தான் பிடிக்கப்படுகிறது.

இரும்பைக் கடையும் உளியைப் பித்தளைக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. இரும்பு உளியின் மேல்முகம் வெட்டும் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவைப் பித்தளையில் வைத்தால் உலோகம் உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலைப்பொருள் பிடியிலிருந்து பிடுங்கப்படும். அதனால் பித்தளை உளியின் மேல்முகம் சரிவின்றித் தட்டையாகத் தீட்டப்படுகிறது. ஈயம் சிறிது கலந்த பித்தளை சுருளாக வராமல் ஊசி ஊசியாகத் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் கடைவது ஆபத்தானது.

புரியும் தோளும்

விளக்கின் தரம் தெரிவது பாகங்கள் சேரும் இடத்தில். பார்ப்பவருக்குத் திருகுப் புரிதான் எல்லாவற்றையும் பிடித்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் புரி இழுத்துப் பிடிக்க மட்டுமே செய்கிறது. விளக்கை நேராக நிறுத்துவது, புரியைச் சுற்றியுள்ள தட்டையான வளைய முகம். கடைசல்காரர்கள் தோள் என்று சொல்லத்தக்க இந்த முகம், எதிர்ப்பாகத்தின் முகத்தோடு முழுவதும் படிய வேண்டும். புரி தோளைத் தொடும் மூலையில் மெல்லிய காடி ஒன்றை வெட்டிவிட்டால், கடைசிச் சுற்றில் புரி முட்டாமல் தோள் நன்றாக உட்காரும்.

30 மில்லிமீட்டர் அகலமுள்ள தோள் ஒரு பக்கம் 0.3 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். சாய்வு நூற்றுக்கு ஒன்று. அதற்கு மேல் 900 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் உச்சி அன்னம் 9 மில்லிமீட்டர் விலகி நிற்கும். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள அகல் தட்டின் இரு விளிம்புகளுக்கிடையே 1.5 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு வரும். ஒரு முகத்துத் திரி எண்ணெயில் மூழ்கி, எதிர்முகத்துத் திரி காய்ந்து கருகும். ஐந்து முகம் ஏற்றியும் நாலுதான் நின்று எரிகிறது என்ற வீட்டுப் புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒழுகல் வேறு கதை. தட்டின் நடுவில் துளையிட்டுத் தண்டை ஊடுருவ விட்டால், எண்ணெய் புரியின் இடுக்கு வழியே நுண்புழை ஈர்ப்பால் இறங்கித் தண்டு முழுவதும் பிசுக்காகும். எவ்வளவு இறுக்கினாலும் இது முழுதாக நிற்பதில்லை. தட்டின் நடுவே ஒரு குமிழை எண்ணெய் மட்டத்துக்கு மேல் உயர்த்தி, புரியைத் துளை முழுதும் ஊடுருவாமல் நிறுத்திவிடுவதே சரியான வழி. வார்ப்பில் உள்ள காற்றுத் துளைகளாலும் கசிவு வரலாம். மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தால், தண்ணீர் காட்டிக்கொடுக்காத மிக நுண்ணிய துளையும் வெளிப்பக்கம் ஈரமாகத் தெரியும்.

எடையும் கூலியும்

பித்தளை விளக்கு பெரும்பாலும் கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. கடைசலில் நேரம் செலவிட்டுச் சீவச் சீவ எடை குறையும். எடை குறைந்தால் விலையும் குறையும். நன்றாக வேலை செய்தவருக்குக் கணக்கில் இழப்பு என்ற இந்த முரண் எடை விற்பனையிலேயே உள்ளது. சீவல் மீண்டும் மூசைக்குப் போவதால் உலோகம் வீணாவதில்லை, உழைத்த நேரம்தான் திரும்புவதில்லை. அதிகமாகச் சீவினாலும் கெடுதல்தான்: சுவர் மெலிந்தால் புரி எடுக்க ஆழம் கிடைக்காது.

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் (பூம்புகார்) உற்பத்தி நிலையமும் நாச்சியார்கோயிலில் உள்ளது. எங்கே வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் தோளின் முகத்தைப் பார்ப்பதும், மட்டமான தரையில் நிறுத்திச் சுற்றி வந்து பார்ப்பதும் நல்லது. இணையாக வாங்கிய இரண்டு விளக்குகளைத் துலக்கும்போது பாகங்களைக் கலந்துவிடக் கூடாது. கையால் பொருத்தப்பட்ட புரிகள் அதனதன் துணையோடுதான் சரியாக உட்காரும்.