மம்புறத்து அராபியக் குடும்பம்

நீலகிரி மலைமேற் பெய்யும் மழை முழுவதும் ஒரே கடலைச் சேர்வதில்லை. கிழக்கே விழுந்த நீர் பவானியோடு கூடிக் காவிரியாகி வங்கக் கடலை நாடுகின்றது. கூடலூர்ப் பக்கத்தில் விழுந்த நீரோ பாண்டியாறாக இறங்கி, நிலம்பூர்க் காடுகளினூடே சாலியாற்றிற் கலந்து, பேப்பூரில் அரபிக் கடலை அடைகின்றது. நீர் மட்டுமன்றி ஆட்சியும் ஒருகால் அவ்வழியே சென்றதுண்டு. உதகமண்டலம் உள்ளிட்ட மலையின் பெரும்பகுதி 1830 முதல் 1843 வரை மலையாள ஜில்லாக் கலெக்டரின் ஆளுகையில் இருந்தது. கூடலூர்ப் பகுதி 1870-களில்தான் நீலகிரியோடு சேர்ந்தது. ஆதலின் அக்கடற்கரையில் வந்து தங்கிய ஓர் அராபியக் குடும்பத்தின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பொருத்தமேயாகும்.

அராபியாவின் தென்பகுதியில் ஹதரமௌத் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று உளது. அதன்கண் உள்ள தரீம் என்னும் நகரம் சமயக் கல்விக்குப் பேர்பெற்றது. பத்தாம் நூற்றாண்டில், பஸ்ரா நகரத்தினின்றும் அகமது என்னும் பெரியார் ஹதரமௌத்துக்குக் குடிபெயர்ந்தார். குடிபெயர்ந்தவர் எனப் பொருள்படும் ‘முஹாஜிர்’ என்பதே அவருக்குப் பட்டமாயிற்று. அவருடைய பேரர் அலவி என்பவரின் பெயரால் அவ்வழியினர் ‘பா அலவி’ குலத்தார் எனப்பட்டனர். நபிகள் நாயகத்தின் பேரராகிய உசேன் வழியில் வந்தவராதலால் இவர்களுக்குச் சையிது என்னும் சிறப்புப் பெயரும் உண்டு. இக்குலத்தார் பருவக்காற்றைத் துணையாகக் கொண்டு மலையாளக் கரைக்கும், சாவகத்துக்கும், கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்று பரவினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடையில் இக்குலத்தவராகிய சேகு ஜிப்ரி என்பவர் கோழிக்கோட்டை அடைந்தார். அவருடைய சகோதரர் ஹசன் ஜிப்ரி, திருரங்காடியை அடுத்துக் கடலுண்டி ஆற்றங்கரையில் அமைந்த மம்புறம் என்னும் ஊரில் தங்கினார். 1769-ஆம் ஆண்டையொட்டி, அவர்களுடைய மருமகனாராகிய சையிது அலவி, பதினேழு வயதுடைய இளைஞராய்த் தரீமிலிருந்து கப்பலேறி வந்தார். மம்புறத்திலேயே மணம்புரிந்துகொண்ட அவர், 1844-இல் மறையுமளவும் எழுபது ஆண்டுக்கு மேல் இம்மண்ணிலேயே வாழ்ந்தார்.

மலையாள மக்கள் இப்பெரியாரை ‘மம்புறம் தங்கள்’ என்று அழைத்தனர். நாம் பெரியோர்க்கு எழுதும் கடிதத்தில் ‘தங்கள் விருப்பம்’ என்று எழுதுகின்றோமன்றோ? அம்மரியாதைச் சொல்லின் இனமான சொல்லே அங்குச் சையிதுகளின் பட்டமாக நிலைத்தது. பெயரைச் சொல்லவும் கூசி, மரியாதைச் சொல்லையே பெயராக்கிவிட்டனர்! அவருடைய காரியங்களை மேற்பார்த்தவர் கோந்து நாயர் என்னும் இந்து. அருகிலுள்ள மூன்னியூர்க் களியாட்டக் காவில் நடைபெறும் பகவதி திருவிழாவுக்கு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தவர் தங்களே என்பது மக்கள் வழக்கு. அவ்விழாவிற் பொய்க்குதிரை எடுத்து வருவோர் மம்புறத்துக்கும் சென்று காணிக்கை செலுத்துவது மரபு.

இனி இவ்வரலாற்றின் துயரப் பகுதிக்கு வருவோம். 1792-இல் மலையாளம் ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. அவர்கள் ஜன்மிகளை நிலத்துக்கு முழு உடைமைக்காரர் எனக் கொண்டனர். உழுது பயிரிட்ட மாப்பிள்ளைக் குடிகள், வாரம் உயர்த்தப்பட்டும் நிலத்தைவிட்டு அகற்றப்பட்டும் இடர்ப்பட்டனர். அதன் விளைவாகக் கலகங்கள் அடுத்தடுத்து எழுந்து, இரு பக்கத்தும் உயிர்கள் மாண்டன. இக்காலத்தில் சையிது அலவியின் குமாரர் சையிது பஸல் தலைமை பூண்டார். 1824-இல் மலையாளத்திலேயே பிறந்த இவர், மக்காவிற் கற்று மீண்டவர். உயர்குலத்துச் சீமான்களை மரியாதைப் பன்மையால் அழைக்க வேண்டா என்றும், அவர் உண்ட மிச்சிலை உண்ண வேண்டா என்றும், வெள்ளிக்கிழமையில் ஏர் பூட்ட வேண்டா என்றும் இவர் உழவர்க்குப் போதித்தார். தந்தையார்க்கு மக்கள் மனமுவந்து கொடுத்தது ஒரு மரியாதைச் சொல். மைந்தரோ, வற்புறுத்திப் பெறும் மரியாதைச் சொல்லைக் கொடுக்க வேண்டா என்றார். ஒரு சொல்லின் பொருட்டு இத்துணைக் கலக்கமோ என்று நாம் வியக்க வேண்டுவதில்லை. தாழ்த்தப்பட்டவன் முதலில் உணர்வது சொல்லின் சுடுதலையேயாம்.

அப்போது ஜில்லாக் கலெக்டராக இருந்தவர் கானோலி துரை. நம் மலையடியில் நிலம்பூரில் தேக்கு மரங்களை நட்டு வளர்ப்பித்தவர் இவரே. 1843-க்கு முன் உதகையும் இவர் ஆளுகையில் இருந்தது. கலகங்களுக்குத் தங்களே காரணர் என ஐயுற்ற துரைத்தனத்தார், நியாயஸ்தலத்தில் விசாரணை நடத்தாமல், அவர் தாமாகவே அராபியாவுக்குச் செல்லுமாறு வற்புறுத்தினர். ‘தம் நாட்டுக்கு’ அவர் திரும்புவதாகக் கருதினர் போலும்! 1852-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள் குடும்பத்தாரும் பணியாளருமாக 57 பேர் கப்பலேறினர். வழியனுப்ப வந்த மக்கள் பல்லாயிரவர். அதனாலும் அமைதி பிறக்கவில்லை. 1855 செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, கோழிக்கோட்டில் தம் மாளிகைத் தாழ்வாரத்தில் மனைவியாரோடு அமர்ந்திருந்த கானோலி துரை, சிறையிலிருந்து தப்பிய சிலரால் வெட்டுண்டு மாண்டார். அக்கொலையை நாம் எவ்வாற்றானும் போற்றோம். ஆயினும் நீதி விசாரணையின்றிச் செய்த செயல் நாட்டுக்கு அமைதி தரவில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது.

சையிது பஸல் மலையாளத்துக்கு மீள விரும்பிப் பலமுறை விண்ணப்பித்தும் இசைவு கிட்டவில்லை. 1876-இல் அராபியாவின் தென்கரையிலுள்ள ஸபார் நாட்டில் ஆட்சித் தலைமை பெற்றார். 1879-இல் அந்நாட்டுக் குலத்தார் எதிர்த்தெழவே அதனையும் இழந்து, துருக்கித் தலைநகரிற் சுல்தானின் ஆதரவில் வாழ்ந்து, 1900-இல் மறைந்தார். மலையாளத்தில் இருந்தபோது அவரை அராபியர் எனக் கருதி அனுப்பிய ஆங்கிலேயர், அராபியாவில் அவர் ஆண்டபோது ‘மாப்பிள்ளைக் குரு’ என்று தம் ஏடுகளிற் குறித்தனர்! இருந்த இடத்தில் அயலார். சென்ற இடத்திலும் அயலார்.

இந்நிலை நீலகிரிக்குப் புதிதன்று. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களிற் குடியேறினர். அங்கே ‘இந்தியர்’ எனப்பட்டவர்கள், இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். அவர்தம் மக்களும் நம் கல்லூரிகளில் நம்முடன் பயில்கின்றனர்.

ஒருவன் எந்நாட்டினன் என்பதை அவன் முன்னோர் ஏறிவந்த கப்பலைக் கொண்டு அறிவதோ, அன்றி அவன் உழைத்து, அழுது, அயலாரோடு கூடி வாழ்ந்த மண்ணைக் கொண்டு அறிவதோ? துரைத்தனத்தார் முன்னதைக் கொண்டனர்; மம்புறத்து மக்கள் பின்னதைக் கொண்டனர். இன்றும் முகரம் மாதத் தொடக்கத்தில் சையிது அலவியின் அடக்கத்தலத்தில் நடக்கும் நேர்ச்சைக்கு மக்கள் திரள்கின்றனர். தரீமில் பிறந்தவரை அவர்கள் தம்மூர்ப் பெயராலேயே அழைக்கின்றனர். நாமும் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை அவ்வண்ணமே அழைக்கக் கற்போமாக.